பங்காளிகளுக்கு நடுவே ஒரு மாணவன்

மொழிபெயர்ப்பு வேலை செய்பவர்களுக்குச் சில ஆங்கிலச் சொற்கள் பரம வைரிகள். 'கம்யூனிட்டி காலேஜ்' அவற்றில் ஒன்று. 'சமுதாயக் கல்லூரி' என்று எழுதிவிட்டுப் போகலாம். அரசாங்கக் காகிதங்களில் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் நம் ஊரில் கம்யூனிட்டி சர்டிஃபிகேட் என்றால் சாதிச் சான்றிதழ். தாலுகா ஆபீஸ் வாசலில் நிற்கும் யாரிடமாவது "என் பெண்ணைக் கம்யூனிட்டி காலேஜில் சேர்க்கப் போகிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். "எந்தக் கம்யூனிட்டி?" என்றுதான் கேட்பார்.

அதைவிடத் தொல்லை கொடுப்பது 'பார்ட்னர்ஷிப்'. தொழில் நிறுவனங்களும் கல்லூரிகளும் கைகோத்துக்கொள்வதற்கு இந்தப் பெயர். கூட்டணி என்று எழுதினால் தேர்தல் வாடை வருகிறது. பங்காளி என்று எழுதினாலோ வரப்புத் தகராறும் முன்சீப் கோர்ட்டும் கண் முன்னால் நிற்கின்றன. இந்த வகை அறிக்கைகளைப் பல வருஷங்களாகத் தமிழாக்கிப் பார்த்ததில், பங்காளி என்பதே பொருத்தம் என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். சொத்து பொதுவில் இருக்கிறது. யாருக்கு எவ்வளவு என்பதில்தான் சிக்கல். இங்கே சொத்து என்பது பத்தொன்பது வயதுப் பையன் அல்லது பெண்ணின் இரண்டு வருஷ வாழ்க்கை.

கம்யூனிட்டி காலேஜ் அமெரிக்கச் சரக்கு. 1901-ல் இலினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரில் ஓர் உயர்நிலைப் பள்ளியோடு ஒட்டிக்கொண்டு, 6 மாணவர்களுடன் முதல் பொதுக் கல்லூரி ஆரம்பித்தது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்த வில்லியம் ரெய்னி ஹார்ப்பருக்கும் அதில் பங்கு உண்டு. பல்கலைக்கழகத்தின் முதல் இரண்டு வருஷப் பாடத்தை ஊரிலேயே படித்துவிட்டு வரட்டும் என்பது அவருடைய யோசனை. இரண்டாம் உலகப் போர் முடிந்து ராணுவத்திலிருந்து திரும்பியவர்கள் கல்லூரி வாசல்களில் குவிந்தபோது, ஜனாதிபதி ட்ரூமன் அமைத்த கமிஷன் 1947-ல் 'கம்யூனிட்டி காலேஜ்' என்ற பெயரைப் பிரபலமாக்கியது. இப்போது 1,000-க்கும் மேல் இருக்கின்றன. குறைந்த கட்டணம், நுழைவுத் தேர்வு இல்லை, மாலை வகுப்பு உண்டு. பகலில் கடையில் நிற்பவரும் குழந்தை பெற்ற தாயும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கால்குலஸ் போடுவார்கள்.

அங்கிருந்து இரண்டு பாதைகள். ஒன்று, இரண்டு வருஷம் முடித்து நாலு வருஷப் பல்கலைக்கழகத்துக்கு மாறி எஞ்சினியர் ஆவது. சேரும்போது சுமார் 80 சதவிகிதம் பேர் பட்டம் வாங்கும் உத்தேசத்தோடுதான் சேருகிறார்கள். உண்மையில் மாறிப் போகிறவர்கள் மூன்றில் ஒரு பங்கு. ஆறு வருஷத்துக்குள் பட்டம் வாங்குகிறவர்கள் 100-க்கு 16 பேர் என்கிற அளவில் நிற்கிறார்கள். இரண்டாவது பாதை, டெக்னீஷியன் வேலை. நம் பாஷையில் டிப்ளமோக்காரர். எஞ்சினியர் வரைந்ததை இயந்திரத்துக்குப் புரியவைக்கிறவர். மெஷின் நின்றுபோனால் மேனேஜர் தேடுவது இவரைத்தான்.

1992-ல் அமெரிக்க காங்கிரஸ் ஒரு சட்டம் இயற்றியது. நம் அறிவியல் தொழில்நுட்பத் துறையைப் போல ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்கும் தேசிய அறிவியல் அறக்கட்டளை அதுவரை பெரிய பல்கலைக்கழகங்களின் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தது. இந்தச் சட்டம், இரண்டு வருஷக் கல்லூரிகளுக்கும் கொடு, டெக்னீஷியன்களை உருவாக்கு என்றது. பணம் கேட்டு வருகிற கல்லூரி உள்ளூர்த் தொழிற்சாலைகளைக் கூட அழைத்து வரவேண்டும். லேசர், உயிர்த் தொழில்நுட்பம், கடலடி ரோபாட் என்று எதற்கெல்லாமோ மையங்கள் முளைத்தன.

அழைத்து வந்தால் போதுமா என்பதுதான் கேள்வி. ஆலோசனைக் குழுக்கள் எப்படி நடக்கும் என்று நமக்குத் தெரியும். வருஷத்துக்கு ஒருமுறை மதியச் சாப்பாட்டோடு கூட்டம். பிரின்சிபால் வரவேற்பார், பொன்னாடை உண்டு, பாடத்திட்டத்தைப் புரட்டிப் பார்த்து "வெரி குட்" என்பார்கள். அமெரிக்காவிலும் இதே கதைதான், பொன்னாடை மட்டும் கிடையாது. டெக்ஸாஸில் காலின் காலேஜ் என்ற கம்யூனிட்டி கல்லூரியில் இதற்கு ஒரு மாற்று கண்டுபிடித்தார்கள். கம்ப்யூட்டர் நெட்வொர்க் பாடத்துக்காக ஆரம்பித்தது. கம்பெனிக்காரர்களை உட்காரவைத்து, புதிதாக வேலைக்குச் சேரும் ஒருவருக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று நீண்ட பட்டியல் கொடுப்பார்கள். ஒவ்வொரு வரிக்கும் 4 முதல் 1 வரை மார்க். 4 என்றால் கட்டாயம் வேண்டும், 1 என்றால் தூக்கி எறி. மார்க் வேறுபட்ட இடங்களில் கம்பெனிக்காரர்கள் தங்களுக்குள்ளேயே விவாதிக்க வேண்டும். பேராசிரியர்கள் காது கொடுத்துக் கேட்க வேண்டும். பிறகு ஆசிரியர்கள் அந்தப் பட்டியலைப் பாடங்களோடு ஒப்பிட்டு, எதைச் சேர்த்தோம், எதை எடுத்தோம், எதை ஏன் சேர்க்கவில்லை என்று அடுத்த கூட்டத்தில் பதில் சொல்ல வேண்டும். இது ஒவ்வொரு வருஷமும் நடக்கும். சாதாரணமான யோசனைதான். ஆனால் "நீங்கள் சொன்னதை நாங்கள் செய்தோமா" என்று திரும்பி வந்து கணக்குக் கொடுக்கும் வழக்கம் எத்தனை குழுக்களில் இருக்கிறது?

கென்டக்கி மாநிலத்துக்குப் போவோம். ஜார்ஜ்டவுன் என்ற ஊரில் டொயோட்டா கார் தொழிற்சாலை 1988-லிருந்து ஓடுகிறது. ரோபாட்டும் ஹைட்ராலிக்ஸும் மின்சாரமும் ஒன்றாகத் தெரிந்த பராமரிப்பு ஆட்கள் கிடைக்காமல் திண்டாடி, 2010-ல் அருகிலிருந்த புளூகிராஸ் கம்யூனிட்டி கல்லூரியோடு சேர்ந்து ஒரு திட்டம் ஆரம்பித்தார்கள். வாரத்தில் இரண்டு நாள் வகுப்பு, மூன்று நாள் தொழிற்சாலை. தொழிற்சாலை நாட்களுக்குக் கூலி உண்டு. ஐந்து செமஸ்டரில் இரண்டு வருஷப் பட்டம் கையில். வகுப்புக்கு நேரத்தில் வருவது, கருவியை எடுத்த இடத்தில் வைப்பது, கோளாறின் மூலகாரணத்தைப் படிப்படியாகத் தேடுவது எல்லாம் பாடத்தோடு சேர்த்தி. பிறகு மற்றக் கம்பெனிகளும் சேர்ந்துகொண்டு 'ஃபேம்' என்ற பெயரில் பல மாநிலங்களுக்குப் பரவி, 2019-ல் நிர்வாகப் பொறுப்பை டொயோட்டா ஒரு தொழில்துறை அமைப்பிடம் ஒப்படைத்தது.

2020-ல் வெளிவந்த ஓர் ஆய்வு இதன் பலனை அளந்தது. இந்தத் திட்டத்தில் சேர்ந்தவர்களில் சுமார் 80 சதவிகிதம் பேர் படிப்பை முடித்தார்கள். அதே கென்டக்கிக் கல்லூரிகளில் ஒப்பிடத்தக்க மற்ற மாணவர்களில் முடித்தவர்கள் 30 சதவிகிதத்துக்கும் குறைவு. ஐந்து வருஷம் கழித்துச் சம்பளம் ஏறத்தாழ இரண்டு மடங்கு. எண்களைப் பார்த்ததும் கை தட்டத் தோன்றும். கொஞ்சம் பொறுக்கலாம். இந்த மாணவர்களைத் தேர்ந்தெடுப்பதில் கம்பெனிகளுக்கும் பங்கு உண்டு. நேர்காணல் வைத்து, கணக்கு மார்க் பார்த்து எடுத்த பிள்ளைகள். எந்தப் பள்ளியில் போட்டாலும் தேறக்கூடிய பிள்ளைகளை எடுத்துக்கொண்டு "எங்கள் பள்ளி நூறு சதவிகிதத் தேர்ச்சி" என்று பேருந்து நிலையத்தில் பேனர் கட்டுவது நமக்குப் புதிதல்ல. அதற்காக, வித்தியாசம் முழுவதும் தேர்வினால் வந்தது என்றும் நான் சொல்லமாட்டேன். கம்யூனிட்டி கல்லூரி மாணவர்கள் பலர் நடுவில் நின்றுபோவதற்குக் காரணம் புத்திக் குறைவு அல்ல. வாடகை. படிப்பதா, கடையில் கூடுதல் ஷிஃப்ட் பார்ப்பதா என்ற கேள்வி வரும்போது வாடகைதான் ஜெயிக்கும். மூன்று நாள் கூலி அந்தக் கேள்வியையே எடுத்துவிடுகிறது. பாடமும் வேலையும் ஒன்றுக்கொன்று எதிரியாக இல்லாமல் போகின்றன. எனக்கு இந்தத் திட்டத்தில் பிடித்த ஒரே அம்சம் அதுதான். மற்றதெல்லாம் அலங்காரம்.

கம்பெனி வாக்குக் கொடுத்துவிட்டு வராமல் போனால்? இது கற்பனைக் கேள்வி அல்ல. 2022 ஜனவரியில் இன்டெல் நிறுவனம், ஒஹையோ மாநிலத்தில் 2,000 கோடி டாலருக்கு மேல் போட்டு இரண்டு சிப் தொழிற்சாலைகள் கட்டப்போவதாக அறிவித்தது. 3,000 வேலைகள், 2025-ல் உற்பத்தி என்றார்கள். அந்த ஆகஸ்டில் 5,270 கோடி டாலர் சிப் சட்டத்தில் ஜனாதிபதி பைடன் கையெழுத்திட்டார். ஒஹையோவின் கல்வி நிறுவனங்களுக்கு இன்டெல் 5 கோடி டாலர் ஒதுக்கியது. கொலம்பஸ் ஸ்டேட் போன்ற கம்யூனிட்டி கல்லூரிகள் அவசர அவசரமாகப் பாடத்திட்டம் எழுதி, ஒரு வருஷ டெக்னீஷியன் சான்றிதழ்ப் படிப்பு ஆரம்பித்தன. மாணவர்கள் சேர்ந்தார்கள். 2025 பிப்ரவரியில் இன்டெல் சொன்னது: முதல் தொழிற்சாலை 2030-க்கு முன்னால் முடியாது. 2023-ல் சேர்ந்த மாணவன் அதுவரை என்ன செய்வான் என்று எந்த அறிக்கையும் சொல்லவில்லை.

அரிசோனாவில் இன்னொரு விதம். ஃபீனிக்ஸ் நகரைச் சுற்றி இன்டெல் ஏற்கெனவே இருக்கிறது, தைவானின் டி.எஸ்.எம்.சி.யும் அங்கே தொழிற்சாலை கட்டியது. ஆள் தேவை என்று குரல் எழுந்தபோது, மரிகோபா கம்யூனிட்டி கல்லூரிகள் 2022-ல் 'குவிக் ஸ்டார்ட்' என்று ஒரு பயிற்சி ஆரம்பித்தன. தினம் 4 மணி நேரம், 10 நாள். மொத்தம் 40 மணி. கார் ஓட்டக் கற்றுக்கொள்வதற்கே இதைவிட அதிக நாள் எடுத்துக்கொண்டவர்கள் நம்மில் உண்டு. சிப் தொழிற்சாலையின் அங்கியை எப்படி மாட்டிக்கொள்வது, சுத்த அறை எப்படி இருக்கும் என்பதற்கு ஓர் அறிமுகம் என்ற அளவில் சரிதான். அதையே வேலைக்கு டிக்கெட் என்று நம்பிச் சேர்ந்தவர்களின் கதி வேறு. 2024 ஆகஸ்டில் இன்டெல் உலகம் முழுவதும் 15,000-க்கும் மேற்பட்ட வேலைகளைக் குறைப்பதாக அறிவித்தது. அரிசோனாவிலும் ஆட்கள் போனார்கள். பத்து வருஷ அனுபவசாலி வேலை தேடி நிற்கும் வரிசையில் பத்து நாள் பயிற்சிக்கு என்ன மதிப்பு?

இதற்கு நேர் எதிரான அனுபவம் நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரில். கோடக், ஜெராக்ஸ், பாஷ் அண்ட் லோம் மூன்றுக்கும் ஊர் அது. லென்ஸ் வெட்டவும் மெருகேற்றவும் ஆள் வேண்டும் என்பதால் 1963-ல் மன்ரோ கம்யூனிட்டி கல்லூரியில் ஒளியியல் டெக்னீஷியன் படிப்பு தோன்றியது. 1980-களின் தொடக்கத்தில் அந்த வட்டாரத்தில் கோடக் சம்பளம் வாங்கியவர்கள் சுமார் 60,000 பேர். பிறகு நடந்தது உலகம் அறிந்தது. கேமராவிலிருந்து ஃபிலிம் போயிற்று. 2012 ஜனவரியில் கோடக் திவால் மனு கொடுத்தது. பெரியவர்கள் சுருங்கியபோது படிப்பும் ஈ ஓட்டியது. ஆனால் மூடவில்லை. கோடக்கிலிருந்து வெளியே வந்தவர்களும் மற்றவர்களும் நடத்திய சின்னச் சின்ன லென்ஸ் கம்பெனிகள் ஊரெங்கும் இருந்தன. செயற்கைக்கோள் கேமராவுக்கும் ஆஸ்பத்திரிக் கருவிக்கும் லென்ஸ் வேண்டுமே. ஐம்பது பேர், நூறு பேர் வேலை செய்யும் பட்டறைகள். அவை பணமும் இயந்திரமும் கொடுத்துப் படிப்பைத் தூக்கி நிறுத்தின. கண்ணாடியை அலைநீளத்தின் பின்னத்துக்கு வழுவழுப்பாக்கத் தெரிந்தவனுக்கு ஒரு கம்பெனி போனால் இன்னொரு கம்பெனி. ஒரே பெரிய வீட்டுக்கு மாப்பிள்ளை பார்த்து வளர்க்காமல், ஒரு தொழிலைக் கற்றுக்கொடுத்ததால் வந்த லாபம் இது.

நம் நாட்டுக்கு இந்தப் பெயர் தென்கோடி வழியாகத்தான் வந்தது. 1995-ல் புதுச்சேரி பல்கலைக்கழகம் ஒரு சமுதாயக் கல்லூரி தொடங்கியது. 1996-ல் சென்னையில் மயிலை மறைமாவட்டம் இன்னொன்று. இயேசு சபையைச் சேர்ந்த பாதிரியார் சேவியர் அல்போன்ஸ் இந்த இயக்கத்தை நாடு முழுவதும் கொண்டுபோவதில் பெரும் பங்கு வகித்தார். இவை சிப் கம்பெனிக்கு ஆள் அனுப்ப ஆரம்பித்தவை அல்ல. பள்ளியைப் பாதியில் விட்டவர்கள், சேரிப் பெண்கள், மார்க் குறைந்து கல்லூரி வாசலில் திரும்பியவர்கள் ஆகியோருக்கு வாழ்க்கைத் திறன், தொழில் திறன், வேலையிடப் பயிற்சி என்று கொடுத்தவை. பிறகு 2013-ல் பல்கலைக்கழக மானியக் குழு தன் திட்டத்தை அறிவித்தது. அடுத்த வருஷம் பி.வோக். பட்டம். தொழில் நிறுவனத்தோடு ஒப்பந்தம் வேண்டும் என்பது நிபந்தனை. 'புரிந்துணர்வு ஒப்பந்தம்' என்ற சொற்றொடரை நான் எழுதிய தடவைகளுக்குக் கணக்கில்லை. புரிதலும் இருக்காது, உணர்வும் இருக்காது. ஒப்பந்தத்தின் கோப்பைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேர் சிரிக்கும் புகைப்படம் நிச்சயம் இருக்கும். ஒருமுறை ஒரு கல்லூரியின் கையேடு தமிழாக்கத்துக்கு வந்தது. கடைசிப் பக்கம் முழுவதும் கம்பெனிச் சின்னங்கள். அவற்றில் எத்தனை பேர் மாணவருக்குப் பயிற்சிக் காலத்தில் ஊதியம் தருகிறார்கள் என்று அடிக்குறிப்பு போடலாமா என்று கேட்டேன். அந்தப் பக்கம் மொழிபெயர்க்க வேண்டாம் என்று பதில் வந்தது.

நமக்கு முன்மாதிரியே இல்லை என்று சொல்லிவிட முடியாது. கோவை பீளமேட்டில் பி.எஸ்.ஜி. சகோதரர்கள் நால்வர் 1926-ல் குடும்பச் சொத்தை ஐந்து பாகமாகப் பிரித்து, ஐந்தாவது பாகத்தை தர்மத்துக்கு வைத்தார்கள். அந்த அறக்கட்டளையின் முதல் காரியங்களில் ஒன்று தொழிற்பட்டறை. பம்பும் மோட்டாரும் செய்த பட்டறைக்குப் பக்கத்தில் 1939-ல் பாலிடெக்னிக்கும் 1951-ல் பொறியியல் கல்லூரியும் வந்தன. மாணவன் காலையில் படித்ததை மாலையில் உருக்கிப் பார்க்கலாம். எம்.ஓ.யூ. என்ற சொல் இந்தியாவில் புழக்கத்துக்கு வருவதற்கு வெகு காலம் முன்னால் நடந்த காரியம். பெங்களூரு அருகே பிடதியில், கென்டக்கியில் நாம் பார்த்த அதே டொயோட்டா, 2007-ல் ஒரு பயிற்சிப் பள்ளி திறந்தது. கர்நாடக கிராமங்களின் ஏழைப் பிள்ளைகள் பத்தாவது முடித்து வந்து மூன்று வருஷம் தங்கிப் படிக்கிறார்கள். கென்டக்கிக்கும் பிடதிக்கும் ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். அங்கே கல்லூரி பொதுச் சொத்து; கம்பெனி விருந்தாளி. இங்கே பள்ளியே கம்பெனி வளாகத்துக்குள். பிள்ளைகளுக்கு நல்ல சோறும் நல்ல பயிற்சியும் கிடைக்கின்றன, அதில் சந்தேகமில்லை. ஆனால் பக்கத்து ஊர் அரசு பாலிடெக்னிக்கின் பழைய லேத் மெஷினுக்கு இதனால் விமோசனம் கிடையாது.

இப்போது சிப் காய்ச்சல் இந்தியாவுக்கும் வந்திருக்கிறது. குஜராத்தின் சானந்தில் மைக்ரான் 2023-ல் தொழிற்சாலை அறிவித்தது. 2024 மார்ச்சில் தோலேராவிலும் அசாமின் ஜாகிரோடிலும் டாடா தொழிற்சாலைகளுக்கு அடிக்கல் நாட்டினார்கள். 2023-லேயே ஏ.ஐ.சி.டி.இ. சிப் உற்பத்திக்கென்று தனி டிப்ளமோப் பாடத்திட்டம் வெளியிட்டுவிட்டது. பல மாநிலங்களின் பாலிடெக்னிக் விளம்பரங்களில் 'செமிகண்டக்டர்' என்ற வார்த்தையைப் பார்க்கலாம். ஐ.டி. என்ற இரண்டு எழுத்துக்காக வீட்டை அடமானம் வைத்த தலைமுறையின் பிள்ளைகள் அதைப் படிக்கிறார்கள்.

அட்மிஷன் கவுன்ட்டரில் நிற்கும் அப்பாவோ அம்மாவோ என்னிடம் யோசனை கேட்டால், கம்பெனியின் பெயரைக் கேட்காதீர்கள் என்பேன். வேலையிடப் பயிற்சி எத்தனை மாதம், அதற்கு யார் எவ்வளவு கொடுக்கிறார்கள், கேன்டீன் சாப்பாடு அதில் சேர்த்தியா என்று கேளுங்கள். 1961-லிருந்து அப்ரென்டிஸ் சட்டம் இருக்கிறது. டிப்ளமோ முடித்தவருக்குக் கொடுக்கும் குறைந்தபட்ச உதவித்தொகையில் பாதியை மத்திய அரசே ஏற்கும் ஏற்பாடும் உண்டு. ஆகவே காசில்லை என்ற பதிலை ஏற்க வேண்டியதில்லை. இந்த டிப்ளமோவை வைத்துப் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாமா, எந்தப் பிரிவில் சேரலாம் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கடைசியாக, லாபரட்டரியைப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். வாக்குவம் பம்ப் இருக்கிறதா, அதைப் பிரித்துப் பூட்ட மாணவர்களை விடுகிறார்களா? சிப் தொழிற்சாலை ஐந்து வருஷம் தள்ளிப்போனாலும் மருந்துக் கம்பெனியிலும் பால் பவுடர் ஃபாக்டரியிலும் அந்த பம்ப் ஓடிக்கொண்டிருக்கும். அதை ரிப்பேர் செய்ய ஆள் தேடிக்கொண்டிருப்பார்கள்.